பங்கரை விட்டு வராத பிள்ளை

ஒரு பிள்ளை உங்கள் முன்னால் இருந்து விளையாடுகிறது. அந்த விளையாட்டிலிருந்து உங்களுக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது. அது பிள்ளையைப் பற்றியதல்ல, பிள்ளையின் தகப்பனைப் பற்றியது. அந்தத் தகப்பனோ நீங்கள் இருக்கும் இடத்துக்கு மேலே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அப்போது என்ன செய்வீர்கள்?

பயிற்சி வகுப்பில் இதைக் கேட்டால் நீங்கள் எல்லோரும் உடனே கையை உயர்த்துகிறீர்கள். நீங்கள் விடை சொல்லும் வேகம் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. எனக்கு அந்தக் கேள்வி வகுப்பறையில் வரவில்லை. நிலத்துக்குக் கீழே, குண்டுவீச்சுக்கு ஒளிக்கும் ஒரு பங்கருக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தபோது வந்தது. யோசிப்பதற்கு ஒரு மூச்சு விடும் நேரம்தான் கிடைத்தது.

சண்டை திரும்பவும் தொடங்கிய தொண்ணூறாம் ஆண்டின் மாரிக்காலம். பாலர் வகுப்பு ரீச்சராக இருந்த நான், மனம் நொந்த பிள்ளைகளோடு விளையாட்டின் மூலம் வேலை செய்வதற்கு ஒரு குறுகிய பயிற்சி எடுத்திருந்தேன். விளையாட்டுச் சிகிச்சை என்ற பெயரை எங்கள் பக்கத்தில் அப்போது ஒருவரும் சொல்வதில்லை. 'பிள்ளையளோடை விளையாடுற ரீச்சர்' என்றுதான் என்னைச் சொல்வார்கள். சிலர் அதை ஒரு நமட்டுச் சிரிப்போடும் சொல்வார்கள். பருத்தித்துறைக்குப் போகும் வழியில் ஒரு தோட்டக் கிராமத்து வாசிகசாலையின் பின்னறையை எனக்குத் தந்திருந்தார்கள். உங்களுக்கு இன்று இருப்பதைப் போல மணல் தட்டோ பொம்மை வீடோ அங்கே கிடையாது. ஒரு பை நிறையச் சிரட்டைகள், துணித்துண்டுகள், பனங்கொட்டையின் நாரைத் தலைமயிர் போலச் சீவி முகம் வரைந்த பொம்மைகள், பிஸ்கற் வந்த ஒரு பழைய தகர ரின். இவ்வளவுதான் என் சாமான். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போய்விடலாம்.

ஒருநாள் காலை ஒரு தாய் வந்தார். நல்ல வெங்காயத் தோட்டம் உள்ள குடும்பம், ஊரில் மதிப்பானவர்கள். உள்ளே வந்தும் கதிரையில் இருக்கவில்லை.

"ரீச்சர், என்ரை பிள்ளை பங்கருக்குள்ளை இருந்து வெளியாலை வருகுதில்லை."

"குண்டு போடேக்கை எல்லாப் பிள்ளையளும் பயப்பிடுங்கள்தானே."

"உது குண்டு போடாத நேரமும் ரீச்சர். சாப்பாடு உள்ளைதான். படுக்கை உள்ளைதான். பொழுதுபட்டாப் பிறகு கிணத்தடிக்கு ஒருக்கா வருவாள். திரும்ப ஓடிப்போய் இருந்திடுவாள். கதையும் இல்லை."

பிள்ளையின் பெயர் வதனி. எட்டு வயது. ஒரே பிள்ளை. ஊரில் குண்டு விழுந்த நாளிலிருந்து இப்படித்தான் என்றார் தாய். தகப்பன் ஒருமுறை கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிள்ளை கத்திய கத்தில் மூச்சு அடைத்துக் கைகால் விறைத்துப் போயிற்று. பயந்து திரும்பவும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

அன்றே போனேன். வதனியின் தகப்பன் முற்றத்தில் நின்றார். உரம் பாய்ந்த உடம்பு, குறைந்த பேச்சு. என் பையில் இருந்து எட்டிப்பார்த்த பனங்கொட்டைப் பொம்மைகளைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மழை இருட்டிக்கொண்டு வருது ரீச்சர். ஒரு பாட்டம் பெய்தாலே பங்கர் நிரம்பிப் போகும். பாம்பும் வரும். அதுக்கு முன்னம் அவள் வெளியிலை வரவேணும். வராட்டி நான் தூக்கி எடுத்துப்போட்டுப் பங்கரை மூடிப்போடுவன்."

"மழை துவங்கு மட்டும் எனக்குத் தாங்கோ. அதுவரைக்கும் ஒருத்தரும் அவளை இழுக்கக் கூடாது."

"விளையாடினா வந்திடுவாளோ?"

"தெரியாது," என்றேன். அது உண்மை. அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். சரி என்று தலையாட்டினார்.

எங்கள் நிலத்தில் ஆளுயரத்துக்குத் தோண்ட முடியாது, கீழே கல் வந்துவிடும். அதனால் பங்கர் என்பது அரைவாசி குழி, அரைவாசி மண்மூட்டை, மேலே பனங்குற்றி. குனிந்துதான் இறங்க வேண்டும். வாசலில் நின்று, "வதனி, நான் உள்ளுக்கு வரலாமோ?" என்று கேட்டேன். உள்ளே ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தேன். ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் ஒரு பிள்ளை நீட்டியிருந்த காலை மடக்கி எனக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தது.

அன்று நான் ஒன்றும் கேட்கவில்லை. பையைத் திறந்து வைத்துவிட்டு ஒரு பொம்மைக்குச் சேலை உடுத்தினேன். பிழையாகத்தான் உடுத்தினேன். அது அவளுக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள், பிறகு கையை நீட்டி வாங்கிச் சரியாக உடுத்தித் தந்தாள். "நன்றி," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போனபோது பிஸ்கற் ரின்னைத் தானே வெளியே எடுத்தாள். அதைச் சரித்து வைத்தாள். கீழே கிடந்த மண்ணை அள்ளி அதன் மேல் குவித்தாள். பொம்மைகளை வரிசையாக நிறுத்தினாள். பிறகு உதட்டை மடித்து, தூரத்தில் வரும் பொம்மர் விமானத்தின் சத்தத்தைப் போட்டாள். அது அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் சத்தம். பொம்மைகள் ஒவ்வொன்றாக ஓடி ரின்னுக்குள் புகுந்தன. கடைசியில் வந்தது மிகவும் சின்னப் பொம்மை. அது வாசலுக்கு வந்ததும் வதனி தன் உள்ளங்கையால் ரின்னின் வாயை மறித்தாள்.

"இடமில்லை. வேறை எங்கையும் ஓடு," என்றாள். குரலைத் தடிப்பாக்கிச் சொன்னாள்.

சின்னப் பொம்மை திரும்பி ஓடியது. கொஞ்சத் தூரத்தில் அதை விழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். திரும்பவும் முதலிலிருந்து. திரும்பவும் கடைசிப் பொம்மைக்கு இடமில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். வெளியே விடப்பட்ட அந்தச் சின்னப் பொம்மை யார் என்று இப்போது உங்களைக் கேட்டால் பெரும்பாலானவர்கள் 'வதனிதான்' என்பீர்கள். கைவிடப்பட்டதாக உணர்கிறாள், தகப்பன் இழுத்தபோது அந்த உணர்வு கூடிவிட்டது என்றெல்லாம் அழகாக எழுதியும் தருவீர்கள். எனக்கும் அதுதான் தோன்றியது. அதைச் சொல்லி அவளுக்கு ஆறுதல் தர என் நாக்கு துடித்தது.

என்னோடு பயிற்சி எடுத்த ஒருவர் மீனவர் ஊரான குருநகர்ப் பிள்ளைகளோடு வேலை செய்தவர். ஒரு சின்னவன் வாளித் தண்ணீரில் காகிதப் படகைக் கவிழ்த்துக் கவிழ்த்து விளையாடியதைப் பார்த்துவிட்டு, "கடலுக்குப் போற அப்பாவை நினைச்சுப் பயப்பிடுறாய், என்ன?" என்று கேட்டிருக்கிறார். அவன் எழும்பிப் போய்விட்டான். அவனுடைய தகப்பன் கடலுக்கே போகிறவர் அல்ல, தையல்காரர். பையனுக்குத் தண்ணீர் தெறிப்பதில்தான் ஆசை. அதை அவர் எங்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை பிறகு அவரிடம் வரவே இல்லை. அந்தச் சிரிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. ஆகையால் கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

"ஒரு ஆள் வெளியிலை நிக்கிறா."

"ஓம்," என்றாள் வதனி.

அவள் எனக்குச் சொன்ன முதல் சொல் அது.

அதற்குப் பிறகு போன நாளிலும் அதே விளையாட்டு. இந்த முறை நான் ரின்னைக் கவனமாகப் பார்த்தேன். உள்ளே போன பொம்மைகள் எல்லாம் முன்பக்கத்தில் நெருங்கி நின்றன. அவற்றுக்குப் பின்னால் பாதி ரின் வெறுமையாகக் கிடந்தது. சின்னப் பொம்மைகளை வைத்துக் குடும்பம் நடத்தத் தெரிந்த பிள்ளை அது. பொம்மைக்குச் சேலைக் கரை கோணினாலே பொறுக்காதவள். இடத்தைத் தெரியாமல் விட்டிருக்க மாட்டாள்.

"உள்ளுக்கு இன்னும் இடம் இருக்கிற மாதிரிக் கிடக்கு," என்றேன், பொதுவாக.

வதனி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இடம் இருக்கு. ஆனா இல்லை எண்டுதான் சொல்லவேணும்."

"ஆர் அப்பிடிச் சொல்லுறது?"

அவள் கண்கள் மேலே, பங்கர் வாசலுக்குப் போயின. நானும் திரும்பினேன். வாசலில் இரண்டு கால்கள் நின்றன. செம்மண் காய்ந்த பெரிய பாதங்கள். தோட்டத்திலிருந்து வந்து, பிள்ளையின் குரல் கேட்டு அப்படியே நின்றுவிட்டார் போலிருக்கிறது. அந்தக் கால்கள் அசையவில்லை.

நான் சொன்னேனே, அந்த ஒரு மூச்சு நேரம் இதுதான். தகப்பனைக் கூப்பிட்டு உள்ளே இருத்தியிருக்கலாம். 'அப்பா சொன்னவரோ?' என்று பிள்ளையிடம் கேட்டு முடித்திருக்கலாம். இரண்டுமே அந்தக் கணத்தில் மிகவும் தேவையான காரியங்கள் போலத்தான் தெரிந்தன. ஆனால் அந்தப் பிள்ளை தன் வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளை. நான் சைக்கிளில் ஏறிப் போய்விடுவேன். அவளோ அந்தத் தகப்பனோடுதான் அன்று இராச் சோறு தின்ன வேண்டும். அவள் வாயால் அவரைக் காட்டிக்கொடுக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"ஆர் எண்டு நீ எனக்குச் சொல்லத் தேவையில்லை, வதனி. நீ விளையாடு. நான் இருக்கிறன்."

மேலே நின்ற கால்கள் மெதுவாகத் திரும்பிப் போயின.

அன்று வேலிப் படலை வரைக்கும் என்னோடு நடந்து வந்த தாய், நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். அவர்களுடைய தோட்டத்தில் வேலைக்கு வரும் கமலா என்ற பெண்ணுக்கு மலர் என்று ஒரு மகள். வதனியின் வயது. இரண்டு பேரும் எந்த நேரமும் ஒன்றாகத்தான் விளையாடுவார்கள். அதுவும் வெளியில்தான். கமலா ஆக்கள் வேறு சாதி. அவர்கள் வீட்டுக்குள் வருவதில்லை, கிணற்றில் அள்ளுவதில்லை. சாதி பார்க்கிறோம் என்று வெளியே சொல்ல ஆட்கள் துணியாத காலம் அது. ஆனால் வேலிக்கு உள்ளே நடந்துகொண்டுதான் இருந்தது.

குண்டு விழுந்த நாளில் கமலா தோட்டத்தின் அந்தக் கரையில் நின்றிருக்கிறார். மலர் இந்தப் பக்கம் நின்றாள். பங்கரை நோக்கி ஓடி வந்தாள். பங்கருக்குள் வதனி, தாய், வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து தங்கியிருந்த தகப்பனின் தமக்கை குடும்பம். வாசலில் தகப்பன். தமக்கை, "உதுகளையுமோ?" என்றாராம். அவ்வளவுதான். தகப்பன் கையை நீட்டி மறித்து இடமில்லை என்றார். மலர் திரும்பி ஓடினாள். வேலியடியில் குண்டுச் சிதறல் காலில் ஏறியது.

"செத்துப்போனாளோ?" என்று கேட்டேன்.

"இல்லை ரீச்சர். ஆசுபத்திரியிலை வைச்சிருந்து விட்டிட்டினம். இப்ப வீட்டைதான். கமலா வேலைக்கு வாறேல்லை. எங்கடை மச்சாள் ஆக்களும் வேறை வீடு பார்த்துப் போட்டினம். வதனிக்கு நாங்கள், மலர் தன்ரை மாமி வீட்டை போட்டாள் எண்டுதான் சொன்னது. பாவம், பயப்பிடுவாள் எண்டு."

இரண்டு நாள் கழித்து, வாசிகசாலைக்கு ஆட்கள் வருமுன்பே வதனியின் தகப்பன் வந்து நின்றார். சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"ரீச்சர், உவள் உங்களிட்டை என்ன சொன்னவள்?"

"பிள்ளை விளையாடுறதை நான் ஒருத்தருக்கும் சொல்லுறதில்லை. தாய் தகப்பனுக்கும் சொல்லுறதில்லை. அப்பிடிச் சொன்னா அவள் பிறகு என்னோடை விளையாட மாட்டாள்."

"நான் மேலை நிண்டனான். கேட்டனான்."

"தெரியும்."

அவர் சைக்கிளின் கைபிடியைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை. வருகிறவர் தானாகச் சொல்ல வேண்டியதை நாங்கள் இரக்கப்பட்டுச் சொல்லி முடித்துக் கொடுத்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது இதுதான். இப்போதும் சிரமம்தான்.

"இடம் இருந்தது ரீச்சர்," என்றார் கடைசியில். "இன்னும் நாலு பேர் இருக்கலாம். அக்கா அப்பிடிக் கேட்ட உடனை வாயிலை வந்திட்டுது. நான் யோசிச்சுச் சொல்லேல்லை. யோசிச்சிருந்தா..." அதை முடிக்கவில்லை. "நான் இப்ப என்ன செய்யவேணும்?"

"மலருக்கு என்ன நடந்தது எண்டு வதனிக்குச் சரியாத் தெரியாது. அவள் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறாள் எண்டு எனக்கும் தெரியாது. ஆனா உண்மையை அவளுக்குச் சொல்லவேணும். நான் சொல்லுறதைவிட நீங்கள் சொல்லுறது நல்லம்."

"நான் சொன்னா நம்புவாளோ?"

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். சொல்வேன் என்றும் சொல்லவில்லை, சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவர் அதை வதனிக்குச் சொல்வதற்குள் மழை வந்துவிட்டது. மத்தியானம் தொடங்கி விடாமல் ஊற்றியது. நான் நனைந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, பங்கர் வாசலில் தாய் தலைக்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு அழுதபடி நின்றார். வளவுத் தண்ணீர் முழுவதும் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தகப்பன் பிள்ளையைத் தூக்கி வெளியே போடப் போகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று வாளியால் அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். வதனி, இருப்பதற்காகப் போட்டிருந்த பலகையின் மேல் ஏறிச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"வா பிள்ளை, மேலை போவம்," என்றார். இரக்கிற குரல். "மழைக்குப் பொம்மர் வராது. பயமில்லை."

"எனக்குப் பயமில்லை."

"அப்ப ஏன் இதுக்குள்ளை நிக்கிறாய்?"

"நான் வெளியிலை வந்தா, மலர் ஓடிவரேக்கை அவளை ஆர் உள்ளுக்கு விடுறது?"

வாளி நின்றுவிட்டது.

பிள்ளை பயந்து ஒளித்திருக்கிறது என்றுதான் அவ்வளவு நாளும் எல்லோரும் நினைத்திருந்தோம், நான் உட்பட. அவள் காவல் இருந்திருக்கிறாள். பங்கருக்குள் இருந்து, வருகிற ஒருத்திக்கு இடம் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

தாய் என் முகத்தைப் பார்த்தார். ரீச்சர் ஏதாவது சொல்லுவா என்ற பார்வை. சொல்வதற்கு என்னிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. ஆனால் கேள்வி என்னைக் கேட்டதல்ல. நான் தகப்பனைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நீங்கள் நினைப்பது போல அது அமைதியான மௌனம் அல்ல. ஒவ்வொரு கணமும் உள்ளே குதித்துப் பிள்ளையைத் தூக்கிவிடலாமா என்றுதான் இருந்தது.

"மலர் மாமி வீட்டை போகேல்லை," என்றார் தகப்பன். "அது பொய். அவளுக்குக் காலிலை காயம் பட்டது. ஆசுபத்திரிக்குப் போய் வந்திட்டாள். வீட்டை இருக்கிறாள். உயிரோடை இருக்கிறாள்."

வதனி அவரை நேராகப் பார்த்தாள்.

"இடம் இருக்கேக்கை நீங்கள் இல்லை எண்டனியள்."

அதாவது, உங்களை எப்படி நம்புவது என்று கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளை. அவர் வாளியைப் பலகையில் வைத்தார். மேலே ஏறினார். "ரீச்சர், இவளைப் பாத்துக்கொள்ளுங்கோ. நான் மலரைக் கூட்டிக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு மழைக்குள் நடந்தார். நான் குழிக்குள் இறங்கி வாளியை எடுத்தேன். தாயும் இறங்கினார். வதனி ஒரு சிரட்டையை எடுத்துத் தானும் அள்ளத் தொடங்கினாள்.

அவர் தனியாகத்தான் திரும்பி வந்தார். மழை தணிந்து தூறலாகியிருந்தது. வாசலில் குந்தியிருந்து மகளுக்குச் சொன்னார்.

"மலர் வரமாட்டாளாம். கமலா சொன்னவ, 'என்ரை பிள்ளை இனி அந்த வளவுக்குள்ளை கால் வைக்காது. உங்கடை பிள்ளைக்கு விருப்பமெண்டா இஞ்சை வரட்டும்' எண்டு."

ஒரு சொல்லையும் அவர் தனக்குச் சாதகமாக மாற்றவில்லை. பொய் சொல்ல வருகிறவர் இப்படி ஒரு மறுமொழியோடு வர மாட்டார் என்பது பிள்ளைக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரட்டையை வைத்துவிட்டுப் பலகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கினாள். தகப்பன் தூக்குவதற்குக் கை நீட்டினார். அந்தக் கையைப் பிடிக்காமல் தானாகவே படியில் ஏறி வெளியே வந்தாள். பகல் வெளிச்சம் கூசிக் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். ஒருவரையும் பார்க்காமல் வளவின் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

கிடுகு வேலியில், பிள்ளைகள் மட்டும் புகுந்து போகக்கூடிய ஒரு சின்ன ஓட்டை, பொட்டு என்போம், இருந்தது. அதனூடாக அந்தப் பக்கம் போனாள். அப்படி ஒரு வழி இருப்பது அதுவரை தகப்பனுக்கே தெரியாது. படலையால் சுற்றிப் போயிருக்கலாம். அவர் குனிந்து, முழங்காலைச் சேற்றில் ஊன்றி, மகளுக்குப் பின்னால் அதே பொட்டால் புகுந்தார். தாயை வீட்டில் விட்டுவிட்டு நானும் போனேன்.

கமலாவின் வீடு பனங்கூடலுக்குப் பின்னால் இருந்தது. மண்சுவர், ஓலைக்கூரை. தாழ்வாரத்தில் பாயைப் போட்டு மலரை இருத்தியிருந்தார்கள். முழங்காலுக்குக் கீழே பழைய சேலைத் துணியால் கட்டு. வதனி தாழ்வாரத்துக்கு வெளியே தூறலில் நின்றாள். மலர் அவளைப் பார்த்தாள், பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கமலா வாசலில் நின்றார். என்னைவிட இளையவர். யாரையும் இருக்கச் சொல்லவில்லை. வதனியின் தகப்பன் முற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு தொண்டையைச் செருமினார். அந்த வளவுக்குள் அவர் வந்தது அன்றுதான் முதல் தரமாக இருக்கும்.

"கமலா, அண்டைக்குப் பங்கருக்குள்ளை இடம் இருந்தது," என்றார்.

பிள்ளைகள் இரண்டு பேரும் கேட்கத்தான் சொன்னார்.

"எங்களுக்கும் தெரியும் ஐயா," என்றார் கமலா.

மன்னிப்பு என்ற சொல் அங்கே வரவில்லை. கமலா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. கொஞ்ச நேரத்தால் உள்ளே போய்த் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வதனியின் தகப்பன் அதை எடுத்துக் குடித்தார். கமலா அந்தத் தோட்டத்துக்குத் திரும்ப வேலைக்குப் போகவே இல்லை என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். மலரின் கால் ஆறியது, ஆனால் நடை கொஞ்சம் சரிவுதான். வதனி அன்று இரவு வீட்டுக்குள்தான் படுத்தாள், வாசற்கதவோடு ஒட்டி. பொம்மர் சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளைகளைப் போலக் கத்திக்கொண்டு ஓடினாள், முடிந்ததும் மற்றப் பிள்ளைகளைப் போல வெளியே வந்தாள். எனக்கு அது போதும். ஒரு பிள்ளையை யுத்தத்துக்குப் பயப்படாமல் ஆக்குவது எங்கள் வேலை அல்ல.

உங்களில் ஒருவர் போன கிழமை கேட்டார், ரீச்சர் அந்தப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சிகிச்சை செய்தீர்கள் என்று. நான் பையைத் திறந்து வைத்தேன், கேட்கக் கூடாத இடத்தில் கேட்காமல் விட்டேன், கொஞ்சம் தண்ணீர் அள்ளினேன். மற்றதெல்லாம் வேறு ஆட்கள் செய்தது. ஆனால் அன்று அந்தத் தாழ்வாரத்தில் நடந்த ஒன்றை நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

வதனி நெடுநேரம் வெளியே நின்றாள். பிறகு மெதுவாகப் போய்ப் பாயின் ஓரத்தில் இருந்தாள். மலர் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் வந்தனி?"

"விளையாட."

"அப்ப நான்தான் டொக்டர். நீ காயக்காரி. காலை நீட்டு."

வதனி காலை நீட்டினாள். மலர் பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து அந்தக் காலில் சுற்றத் தொடங்கினாள். சும்மா சுற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்து இழுத்துக் கட்டினாள். துணி தசைக்குள் அழுந்துவது எனக்குத் தெரிந்தது. கமலா, "ஏய், மெல்ல!" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நான் அவருடைய கையைத் தொட்டேன். "விடுங்கோ, கமலா. கொஞ்சம் பாப்பம்." முற்றத்தில் நின்ற தகப்பனும் ஒரு அடி எடுத்து வைத்தவர், நின்றுவிட்டார்.

வதனியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் காலை இழுக்கவில்லை.

மலர் முடிச்சைப் போட்டாள். நிமிர்ந்து வதனியின் முகத்தைப் பார்த்தாள்.

"நோகுதோ?"

"ஓம்."

மலர் குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். இன்னொரு தரம், இந்த முறை கொஞ்சம் தளர்த்திக் கட்டினாள்.